பனம்பழம் யாரால் விழுந்தது? பிரிட்டன் தேர்தலும் பத்திரிகைகளும்

1992 ஏப்ரல் 9, வியாழக்கிழமை. பிரிட்டனில் பொதுத்தேர்தல் நாள். காலையில் ‘தி சன்’ பத்திரிகை வாங்கியவர்களுக்கு முதல் பக்கத்தில் பெரிதாக ஒரு மின்சார பல்பு தெரிந்தது. பல்புக்குள் லேபர் கட்சித் தலைவர் நீல் கின்னக்கின் தலை. பக்கத்தில் கொட்டை எழுத்தில் இப்படி ஒரு வாசகம்: இன்றைக்கு கின்னக் ஜெயித்தால், பிரிட்டனை விட்டுக் கடைசியாகக் கிளம்புகிறவர் தயவுசெய்து விளக்கை அணைத்துவிட்டுப் போகவும்.

கின்னக் தோற்றார். கருத்துக்கணிப்புகள் எல்லாம் இழுபறி என்றோ, லேபருக்குக் கொஞ்சம் சாதகம் என்றோதான் சொல்லிக்கொண்டிருந்தன. ஆனால் பிரதமர் ஜான் மேஜரின் கன்சர்வேட்டிவ் கட்சி 41.9 சதவீத ஓட்டுடன் 336 இடங்களைப் பிடித்து, தொடர்ந்து நான்காவது முறையாக ஆட்சிக்கு வந்தது. இரண்டு நாள் கழித்து, ஏப்ரல் 11 அன்று, அதே பத்திரிகை தெருப்பேச்சு ஆங்கிலத்தில் ஒரு தலைப்புப் போட்டது. அதன் தொனியை நம் பேச்சில் சொன்னால், “ஜெயிக்க வெச்சது சன்னுதான்!”

பிரிட்டன் தேர்தலையும் ஊடகங்களையும் பற்றிப் பேசுகிற எவரும் இந்தத் தலைப்பைத் தொடாமல் போவதில்லை. அது சொன்னது உண்மைதானா? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்போம். சில சமயம் பழம் தானாகவே கனிந்து காம்பு விட்டிருக்கும். காக்கை உட்கார்ந்த நேரமும் அது விழுந்த நேரமும் ஒன்றாக அமைந்துவிடும். ஆனால் காக்கையின் எடைக்குப் பங்கே கிடையாது என்றும் அடித்துச் சொல்லிவிட முடியாது. அந்தப் பங்கு எவ்வளவு, அது எந்த வகையானது என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஓட்டு எப்படி இடமாக மாறுகிறது என்று பார்த்துவிடலாம். இது தெரியாமல் மற்ற எதுவும் விளங்காது. இந்தியா பிரிட்டனிடமிருந்து எடுத்துக்கொண்ட முறைதான், அதனால் நமக்குப் புதிதில்லை. நாட்டில் இப்போது 650 தொகுதிகள். ஒவ்வொரு தொகுதியிலும் யார் மற்றவர்களைவிட ஒரு ஓட்டாவது கூடுதலாக வாங்குகிறாரோ அவர் எம்.பி. பாதிக்கு மேல் வாங்கியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தோற்றவர்களுக்கு விழுந்த ஓட்டுக்கு மதிப்பும் இல்லை.

இதனால் விசித்திரமான கணக்குகள் வரும். 2017-ல் ஜெரமி கோர்பின் தலைமையில் லேபர் கட்சி சுமார் 1 கோடியே 28 லட்சம் ஓட்டு வாங்கியது. கிடைத்தது 262 இடம், எதிர்க்கட்சி வரிசை. 2024-ல் கியர் ஸ்டார்மர் தலைமையில் அதே கட்சி வாங்கியது சுமார் 97 லட்சம்தான். கிடைத்தது 411 இடம், பிரதமர் பதவி. முப்பது லட்சம் ஓட்டு குறைந்தும் மாபெரும் வெற்றி! எதிரே கன்சர்வேட்டிவ் ஓட்டு சரிந்து, அதில் கணிசமான பங்கு நைஜல் ஃபராஜின் ரிஃபார்ம் கட்சிக்குப் போய்விட்டது. அந்த ரிஃபார்ம் கட்சிக்கு 14.3 சதவீத ஓட்டும் வெறும் 5 இடமும். அதைவிடக் குறைவாக, 12.2 சதவீதம் வாங்கிய லிபரல் டெமாக்ரட்டுகளுக்கோ 72 இடம். ரிஃபார்ம் ஓட்டு நாடெங்கும் தூவிக் கிடந்தது. லிபரல் டெமாக்ரட் ஓட்டு ஜெயிக்கக்கூடிய தொகுதிகளில் குவிந்திருந்தது. வித்தியாசம் அவ்வளவுதான்.

பத்திரிகைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? ஒரு தொகுதியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒரு கட்சிக்கு 21,000 ஓட்டு, இன்னொன்றுக்கு 20,000. முதல் கட்சிக்குப் போட நினைத்தவர்களில் வெறும் 600 பேர் மனம் மாறி அடுத்த கட்சிக்குப் போட்டால் முடிவே தலைகீழ். இப்படிப்பட்ட இழுபறித் தொகுதிகள் தேர்தலுக்குத் தேர்தல் பல டஜன் இருக்கும். ஆகவே ஒரு பத்திரிகை நாட்டையே மாற்ற வேண்டியதில்லை. சரியான ஊர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேரை அசைத்தால் போதும். அரசியல்வாதிகள் பத்திரிகை முதலாளிகளைப் பார்த்து ஏன் இவ்வளவு பயந்தார்கள் என்பதற்கு விடை இந்தச் சின்னக் கணக்கில் இருக்கிறது.

இன்னொரு விதியும் தெரிந்திருக்க வேண்டும். பிரிட்டனில் தொலைக்காட்சிக்கும் வானொலிக்கும் ஒரு சட்டம், அச்சுப் பத்திரிகைக்கு வேறு நியாயம். பிபிசி, ஐடிவி, ஸ்கை போன்றவை செய்தியில் நடுநிலை காக்க வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு கட்சி விளம்பரம் போட அவற்றுக்கு அனுமதி கிடையாது. அதற்குப் பதிலாகக் கட்சிகளுக்கு இலவசமாகச் சில நிமிட ஒளிபரப்பு ஒதுக்கப்படுகிறது. வாக்குப்பதிவு நாளில் காலை 7 மணியிலிருந்து இரவு 10 மணி வரை தேர்தல் விவகாரங்களைப் பற்றிய விவாதமே கூடாது. அதனால்தான் அன்றைய தொலைக்காட்சிச் செய்தியில் தலைவர்கள் ஓட்டுப்போட நடந்து வருவதையும், வாக்குச்சாவடி வாசலில் காத்திருக்கும் நாய்க்குட்டிகளையும் காட்டிக்கொண்டிருப்பார்கள். சரியாக 10 மணிக்கு எக்ஸிட் போல் முடிவு வெளியாகும்போது நாடே மூச்சைப் பிடித்துக்கொள்ளும்.

அச்சுப் பத்திரிகைக்கு இந்தக் கட்டு எதுவும் இல்லை. வெளிப்படையாகக் கட்சி சார்பு எடுக்கலாம், எடுக்கவும் செய்கிறார்கள். டெய்லி மிரர் என்றால் லேபர். டெய்லி டெலிகிராஃப், டெய்லி மெயில் என்றால் கன்சர்வேட்டிவ். மொத்தத்தில் விற்பனைக் கணக்கில் வலதுசாரிப் பத்திரிகைகளின் கை நீண்ட காலமாக ஓங்கியே இருந்து வருகிறது. இவற்றில் சன் மட்டும் இடம் மாறி மாறி உட்காரும். ரூபர்ட் மர்டாக் 1969-ல் வாங்கியபோது அது லேபர் பக்கம் சாய்ந்த பத்திரிகை. அதன் மூதாதையான டெய்லி ஹெரால்ட் தொழிலாளர் இயக்கத்தின் குரலாகவே இருந்தது. 1979-ல் மார்கரெட் தாட்சரை ஆதரித்த சன், பிறகு பதினெட்டு வருடம் கன்சர்வேட்டிவ் பக்கமே நின்றது. அதை வாங்கிப் படித்தவர்களில் பெரும்பாலோர் உழைக்கும் மக்கள். 1992-ல் அதன் அன்றாட விற்பனை 35 லட்சம் பிரதிக்கு மேல்.

சரி, அந்த 1992-க்கே திரும்புவோம். அப்போது நாடு எப்படி இருந்தது? பொருளாதாரம் மந்தம், வேலையில்லாதவர்கள் பெருகியிருந்தார்கள். கோடீஸ்வரனுக்கும் கூலிக்காரனுக்கும் தலைக்கு இவ்வளவு என்று ஒரே அளவில் தாட்சர் விதித்த உள்ளாட்சி வரி தெருக்கலவரம் வரை போயிருந்தது. இதெல்லாம் ஆளுங்கட்சிக்குப் பாதகம்தான். ஆனால் 1990 நவம்பரிலேயே கட்சி தாட்சரை இறக்கிவிட்டு ஜான் மேஜரை ஏற்றிவிட்டது. தலைவரி போகப் போகிறது என்றும் அறிவித்துவிட்டார்கள். பதினோரு வருடக் கோபத்தில் பாதி தாட்சரோடு வீட்டுக்குப் போய்விட்டது. மேஜர் அமைதியான மனிதர். லூட்டன் நகரத்தில் ஒரு பெட்டிமேல் ஏறி நின்று ஒலிபெருக்கியில் பேசினார், ஆடம்பரம் எதுவும் இல்லாமல். ஒரே கட்சி என்றாலும் ஆட்சி மாறியது போன்ற ஒரு நினைப்பு மக்களுக்கு வந்துவிட்டது.

மறுபக்கம் லேபர் கட்சி, ஆட்சிக்கு வந்தால் போடப்போகும் பட்ஜெட்டைத் தேர்தலுக்கு முன்பே வெளியிட்டது. நேர்மையான காரியம். வசதி உள்ளவர்கள் கூடுதலாக வரி கட்ட வேண்டியிருக்கும் என்றது அது. கன்சர்வேட்டிவ் கட்சியோ ஜனவரியிலேயே ‘லேபரின் வரி வெடிகுண்டு’ என்று சுவரொட்டி அடித்து ஊரெல்லாம் ஒட்டியிருந்தது. சன், மெயில், எக்ஸ்பிரஸ் எல்லாம் அதை நாள் தவறாமல் எழுதின. ஊடகத்தின் வேலை நடப்பது இங்கேதான் என்று நான் நினைக்கிறேன். பல்புப் படம் நம் கண்ணைப் பறிக்கிறது. ஆனால் அதற்கு முந்தைய வாரங்களில், இந்தத் தேர்தல் எதைப் பற்றியது என்ற கேள்விக்கு, வேலையில்லாத் திண்டாட்டமா, மருத்துவமனையா, வரியா என்பதற்கு, வரி என்று விடை எழுதப்பட்டுவிட்டது. தொலைக்காட்சி நடுநிலைதான். ஆனால் காலைப் பத்திரிகையில் எது பெரிதாக வந்ததோ அதைத்தான் அன்றைய பேட்டிகளிலும் கேட்பார்கள். பத்திரிகையின் சாய்வு இப்படி நடுநிலை ஊடகத்துக்குள்ளும் வந்துவிடுகிறது.

தோற்றுப் பதவி விலகியபோது கின்னக் கன்சர்வேட்டிவ் சார்புப் பத்திரிகைகளைக் குறை சொன்னார். அவர் மனம் புரிகிறது. ஆனாலும் தேர்தல் ஆய்வாளர் ஜான் கர்ட்டிஸ் போன்றவர்கள் எண்களை எடுத்துப் பார்த்தபோது, சன் வாசகர்கள் மற்றவர்களைவிட அதிகமாகக் கன்சர்வேட்டிவ் பக்கம் திரும்பியதற்குத் தெளிவான ஆதாரம் கிடைக்கவில்லை. கணிப்புகள் பொய்த்ததற்கும் தனிக் காரணங்கள் உண்டு. கேட்டவர்களிடம் ‘கன்சர்வேட்டிவுக்குத்தான் போடுவேன்’ என்று சொல்லக் கூச்சப்பட்டவர்கள் அதில் ஒரு பகுதி. அவர்களைக் ‘கூச்சப்படும் டோரிகள்’ என்றே அங்கே சொல்வார்கள். டோரி என்பது கன்சர்வேட்டிவ் கட்சியினருக்கு உள்ள பழைய பட்டப்பெயர். கடைசி நாளில் பல்பைப் பார்த்து மாறியதாக நாம் நினைக்கிற ஓட்டுகளில் பல, முன்பிருந்தே அங்கே ஒளிந்திருந்த ஓட்டுகள். மர்டாக்கே 2012-ல், பத்திரிகைகளின் நடத்தையை ஆராய்ந்த லெவ்சன் விசாரணைக் கமிஷன் முன் அந்த ‘ஜெயிக்க வெச்சது’ தலைப்பு ரசக்குறைவானது, தவறானது என்றார். தங்களுக்கு அப்படிப்பட்ட சக்தி கிடையாது என்றும் சொன்னார். அவர் அப்படிச் சொல்வதில் அவருக்கு லாபம் உண்டு என்பதையும் மறக்கக்கூடாது.

பத்திரிகையால்தான் தோற்றோம் என்ற பேச்சு இன்னும் பழையது. 1924 அக்டோபர் 25 அன்று, தேர்தலுக்கு நான்கு நாள் முன்பு, டெய்லி மெயில் ஒரு கடிதத்தை வெளியிட்டது. மாஸ்கோவிலிருந்து கம்யூனிஸ்ட் தலைவர் ஸினோவியேவ் எழுதியதாம், பிரிட்டனில் கிளர்ச்சியைத் தூண்டச் சொல்கிறதாம். முதல் லேபர் அரசு அந்தத் தேர்தலில் வீழ்ந்தது. கடிதம் போலி என்பதே இன்று வரலாற்றாளர்களின் முடிவு. பெரிய அநியாயம், சந்தேகமே இல்லை. ஆனால் ஓட்டுக் கணக்கைப் பார்த்தால் லேபருக்கு முந்தைய தேர்தலைவிடச் சுமார் பத்து லட்சம் ஓட்டு கூடியிருந்தது! நொறுங்கியது லிபரல் கட்சி: 158 இடத்திலிருந்து 40-க்கு. அந்த ஓட்டு பெருமளவு கன்சர்வேட்டிவுக்குப் போனதுதான் முடிவைத் தீர்மானித்தது. அப்புறம் 1945. போரில் ஜெயித்த சர்ச்சிலுக்கு டெய்லி எக்ஸ்பிரஸ் முழுமூச்சாகப் பிரசாரம் செய்தும், வீடும் வேலையும் மருத்துவமும் கேட்ட மக்கள் லேபருக்கு 393 இடங்களைக் கொடுத்தார்கள். காலம் கனிந்துவிட்டால் எந்தப் பத்திரிகையாலும் மறிக்க முடியாது.

கின்னக்குக்கு நடந்ததைப் பார்த்துப் பாடம் படித்தவர் டோனி பிளேர். 1995-ல், எதிர்க்கட்சித் தலைவராக இருந்தபோது, ஆஸ்திரேலியாவின் ஹேமன் தீவு வரை பறந்து மர்டாக் நிறுவனத்தின் மாநாட்டில் பேசிவிட்டு வந்தார். 1997 மார்ச் 18 அன்று, தேர்தல் அறிவிப்பு வந்த மறுநாளே, சன் பிளேருக்கு ஆதரவு என்று தலைப்புப் போட்டது. மே 1 அன்று லேபருக்கு 418 இடம். மறுபடியும் காக்கை, மறுபடியும் பனம்பழம்! ஆனால் 1992 செப்டம்பர் 16-ஐ நினைத்துப் பாருங்கள். ‘கறுப்பு புதன்’ என்று சொல்லப்படும் அன்று பவுண்டின் மதிப்பைக் காப்பாற்ற முடியாமல் அரசு கைவிட்டது. பொருளாதாரத்தை ஆளத் தெரிந்த கட்சி என்ற பெயர் அன்றோடு போய்விட்டது. அதற்குப் பிறகு கருத்துக்கணிப்புகளில் கன்சர்வேட்டிவ் கட்சி எழுந்திருக்கவே இல்லை. சன் மாறியது அதற்கு நான்கரை வருடம் கழித்து. ஓடுகிற குதிரையில் கடைசிச் சுற்றில் ஏறிக்கொண்டது என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

அதற்காகப் பத்திரிகையின் பங்கு பூஜ்யம் என்றும் முடித்துவிடக்கூடாது. ஜொனதன் லாட், கேப்ரியல் லென்ஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 2009-ல் ஒரு காரியம் செய்தார்கள். அதே ஆட்களைப் பல வருடம் திரும்பத் திரும்பக் கேட்ட பிரிட்டன் கருத்தாய்வு ஒன்றை எடுத்து, 1997-ல் கட்சி மாறிய பத்திரிகைகளின் வாசகர்களையும் மற்றவர்களையும் ஒப்பிட்டார்கள். மாறிய பத்திரிகைகளைப் படித்தவர்கள் லேபர் பக்கம் கணிசமாகவே கூடுதலாக நகர்ந்திருந்தார்கள். 1992-ல் தெரியாத தாக்கம் 1997-ல் ஏன் தெரிந்தது? காற்றோடு சேர்த்துத் தள்ளியதால் இருக்கலாம். தவிர, எப்போதும் எதிரணியில் இருந்தவன் திடீரென ஒருவரைப் பாராட்டினால் காது கொடுத்துக் கேட்போம், இல்லையா? எப்போதும் சொல்வதையே சொன்னால் அந்த மரியாதை கிடைக்காது.

சன்னுக்கு எந்தக் கொள்கைமேல் பிடிப்பு என்று கேட்பவர்களுக்கு நான் 2015 ஏப்ரல் 30-ஆம் தேதிப் பத்திரிகையைக் காட்டுவேன். அதே நாள், அதே பெயர். இங்கிலாந்துப் பதிப்பு கன்சர்வேட்டிவ் தலைவர் டேவிட் கேமரனை ஆதரித்தது. ஸ்காட்லாந்துப் பதிப்பு, அவர் கட்சியைக் கடுமையாக எதிர்க்கிற ஸ்காட்டிஷ் தேசியக் கட்சியை ஆதரித்தது. ஒரு வாரத்தில் அந்தக் கட்சி ஸ்காட்லாந்தின் 59 இடங்களில் 56-ஐ வாரியது, இங்கே கேமரன் ஜெயித்தார். இரண்டு ஊர்களின் காற்றையும் மோப்பம் பிடித்து, வாசகர்கள் ஏற்கெனவே போய்க்கொண்டிருந்த திசையில் சேர்ந்துகொண்டது சன்.

2017-ல் கதை வேறு விதமாகப் போனது. தேர்தலுக்கு முன் சன்னும் மெயிலும் கோர்பினைப் பக்கம் பக்கமாகத் தாக்கின. வாக்குப்பதிவு நாளில் சன் அவரைக் குப்பைத்தொட்டியில் போட்டது. ஆனால் லேபர் ஓட்டு ஏறத்தாழ 10 சதவீதப் புள்ளி உயர்ந்து 40 சதவீதமானது. கன்சர்வேட்டிவ் பிரதமர் தெரசா மே பெரும்பான்மையை இழந்து தொங்கு நாடாளுமன்றம் வந்தது. இளைஞர்கள் செய்தியைக் கைபேசியில் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளப்படும் முதியவர்களின் செலவுக்கு அவர்கள் சொத்தையும் கணக்கில் எடுப்போம் என்று மே சொல்லி, எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கியது வேறு. சன் விற்பனை 2020-ல் சுமார் 12 லட்சமாகச் சுருங்கியது. அதன் பிறகு விற்பனை எண்ணை வெளியிடுவதையே நிறுத்திக்கொண்டார்கள். 2024-ல் அது லேபரை ஆதரித்தது ஜூலை 3 அன்று, வாக்குப்பதிவுக்கு முதல் நாள். அஞ்சல் ஓட்டுகள் பல அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தன.

ஆக, கடைசி நாள் தலைப்பைப் பார்ப்பது தவறான இடத்தில் பார்ப்பது. வருடக் கணக்கில், தேர்தல் இல்லாத நாட்களில், காலை தேநீரோடு கண்ணில் படுகிற தலைப்புகள் என்ன செய்கின்றன என்று பார்க்க வேண்டும். இதை அளப்பது கடினம். ஒரே பத்திரிகையைப் பல வருடம் படித்தவர் அதனால் அப்படி நினைக்கிறாரா, அப்படி நினைப்பதால் அதைப் படிக்கிறாரா? இந்த முடிச்சை அவிழ்க்க ஒரு துயரமான சம்பவம் உதவியது.

1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டில் உள்ள ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானத்தில் நெரிசல். லிவர்பூல் அணியின் ரசிகர்கள் 97 பேர் உயிரிழந்தார்கள். நான்கு நாள் கழித்து சன், ‘உண்மை’ என்று தலைப்பிட்டு, ரசிகர்கள் இறந்தவர்களின் பையைத் துழாவித் திருடினார்கள், காவலர்கள்மேல் சிறுநீர் கழித்தார்கள் என்று எழுதியது. அத்தனையும் பொய். பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊர் அதை மன்னிக்கவில்லை. கடைக்காரர்கள் வாங்கி வைக்க மறுத்தார்கள், மக்கள் கையால் தொட மறுத்தார்கள். 2012-ல் சுயாதீனக் குழு உண்மையை வெளிக்கொண்டுவந்த பிறகு சன் முதல் பக்கத்தில் மன்னிப்புக் கேட்டது. புறக்கணிப்பு நிற்கவில்லை.

சன் அந்த வருடங்களில் ஐரோப்பிய ஒன்றியத்தை இடைவிடாமல் தாக்கிக்கொண்டிருந்த பத்திரிகை. அதை விட்டுவிட்ட ஒரு பெரிய நகரம் இங்கே, தொடர்ந்து படித்த மற்ற ஊர்கள் அங்கே. ஃப்ளோரியன் ஃபூஸ், டேனியல் பிஷோஃப் என்ற ஆய்வாளர்கள் இந்த இரண்டையும் ஒப்பிட்டார்கள். புறக்கணிப்புக்குப் பிறகு லிவர்பூல் வட்டாரத்தில், குறிப்பாக உழைக்கும் மக்களிடையே, ஐரோப்பிய எதிர்ப்பு மற்ற இடங்களைவிடக் குறைந்துபோயிருந்தது. ஐரோப்பிய ஒன்றிய நிதியால் ஊர் பலன் பெற்றதும் காரணமாக இருக்கலாம்தான். ஆனால் பத்திரிகை இல்லாமல் போனதற்கும் அதில் பங்கு இருக்கிறது என்பதே அவர்கள் முடிவு.

2016 ஜூன் 23 வாக்கெடுப்பில் இங்கிலாந்து முழுவதும் 53 சதவீதம் பேர் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு விலகச் சொன்னார்கள். லிவர்பூலில் 58 சதவீதம் பேர் ஒன்றியத்திலேயே இருக்க வேண்டும் என்றார்கள். 1989-ல் அங்கே ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை ஓட்டுப்போடப் போனபோது நாற்பதை நெருங்கியிருக்கும். அந்த 27 வருடமும் பல வீடுகளின் சாப்பாட்டு மேசையில் சன் இல்லை.